முருகனுக்குப் போன குடுமியன்

மச்ச மாமிசம் சாப்பிடாத வீட்டில் கோழி வளர்ப்பவனைப் பற்றி ஊருக்கு இரண்டே அபிப்பிராயந்தான். ஒன்று, அவன் ஒளித்துத் தின்கிறான். மற்றது, அவனுக்கு மூளையில் ஏதோ கழன்றுவிட்டது. நான் தின்னவில்லை என்று என் மனைவி கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்து கொடுத்தாள். அதன் பிறகு ஊர் ஒரு முடிவுக்கு வருவது சுலபமாயிற்று.

இந்த உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்திய கதை. நான் அப்போது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன். பிள்ளைகள் மாறினார்கள், அவர்கள் விடும் பிழைகள் மாறவில்லை. கோழி வளர்ப்பைப் பற்றிக் கைக்கு எட்டிய இங்கிலீஷ்ப் புத்தகங்கள் எல்லாவற்றையும் வாசித்து முடித்த பிறகே முதல் கோழியை நான் தொட்டேன். அது என்னைக் கொத்தியது. அந்த அத்தியாயம் எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை.

அந்த முதல் கோழி நெல்லியடிச் சந்தையில் ஒரு கிழவியின் பனையோலைக் கடகத்துக்குள் இருந்தது. கோழி என்றால் சேவல். கூடவே இரண்டு பேடுகள். செம்பு நிறம், கறுத்த வால். தலையில் சிவந்த கொண்டைப் பூவுக்குப் பின்னால் விசிறிபோல எழுந்து நிற்கும் இறகுக் குடுமி.

"இதென்ன சாதி, ஆச்சி?"

"குடுமிச் சாதி, தம்பி. முந்தி எங்கடை பக்கத்திலை வீட்டுக்கு வீடு நிண்டது. இப்ப ஆர் பாக்கினம்? எல்லாரும் வெள்ளைச் சீமைக் கோழியைத்தானே தேடினம். இதுதான் கடைசி."

சந்தையில் கத்தரிக்காய் விற்பவளும் 'இதுதான் கடைசி' என்றுதான் சொல்வாள். ஆனால் கிழவி பொய் சொல்லவில்லை. அதன் பிறகு வலிகாமம், தென்மராட்சி என்று சைக்கிள் மிதித்துத் தேடினேன். குடுமி வைத்த மனிதர்கள் ஆங்காங்கே மிஞ்சியிருந்தார்கள். குடுமி வைத்த கோழி ஒன்றுகூட இல்லை. ஆகவே ஒரு வம்சத்தின் கடைசி இரத்தம் என் பின்வளவில் குப்பை கிளறிக்கொண்டிருக்கிறது என்ற பெருமை என் தலைக்கேறியது.

என் தலையைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். கொலிஜில் சேர்ந்த கையோடு என் குடுமியை வெட்டிக் கிறொப் வைத்தவன் நான். அந்தக் கோலத்தோடு வீட்டுக்குப் போனபோது என் தகப்பனார் தம் குடுமியோடு படலை வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆரைத் தேடி வந்தனீர்?" என்று கேட்டார். இவ்வளவு அவமானப்பட்டுச் சம்பாதித்த கிறொப்பை அன்று தொட்டு நல்லெண்ணெயும் சீப்புமாகப் பேணிவந்தேன். வயதோடு அது மெலிந்தது. ஆனாலும் பக்கத்திலிருந்து மேலே இழுத்து வாரினால், காற்றில்லாத நாட்களில், தலை நிறைய மயிர் என்றே சொல்லலாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த பென்சன்காரர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் தொப்பி முதல் சேவல் வரை எல்லாம் சீமைச் சாதி. விவசாயப் பகுதியார் கொடுத்த வெள்ளை லெக்கோர்ன் சேவலைத் தம் பிள்ளைகளுக்கு மேலாக வைத்திருந்தார். பிள்ளைகளைப் பார்த்தால் அவர் செய்தது சரி என்றே படும்.

"மாஸ்டர், உந்த நாட்டுக் கோழியை வைச்சு என்ன காணப்போறீர்? என்ரை வெள்ளையள் ஒரு நாளும் விடாமல் முட்டை போடுதுகள்."

"ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லையோ?"

"கவுண்மேந்துக் கோழியப்பா!"

"அப்ப கட்டாயம் லீவு இருக்குமே."

அவர் சிரிக்கவில்லை. அவருடைய வெள்ளைச் சேவல், வேலியில் ஓட்டையாய் இருந்த பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி என் பேடுகளைப் பார்த்தது. எங்கள் குடுமியன் சிறகை விரித்து ஒரு முறை செட்டையடித்தான். வெள்ளைத் தலை உள்ளே போய்விட்டது. வம்சம் பிழைத்திருந்தது அந்த ஒரு செட்டையடியில்தான். குடுமியன் இல்லாத நாளில் அந்தப் பொட்டுக்குள்ளால் ஏகாதிபத்தியம் முழு உடம்போடு நுழைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நாள் என் காய்ச்சலோடு வந்தது.

மாரி முடிவில் எனக்குக் குளிர்காய்ச்சல் பிடித்தது. மானிப்பாய் ஆஸ்பத்திரி டொக்டர் கொயினா தந்தார். என் மனைவி நேர்த்தி வைத்தாள். இரண்டில் ஒன்று வேலை செய்து நான் எழும்பி உட்கார்ந்தபோது, கஞ்சிக் கோப்பையோடு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, முருகன் உங்களைத் திருப்பித் தந்திட்டார். இனி நாங்கள் குடுக்கிறதைக் குடுக்க வேணும்."

"என்னத்தை?"

"குடுமியனை."

எங்கள் பகுதியில் நோய் வருத்தம் வந்தால் முருகன் கோயிலுக்குச் சேவல் நேர்ந்துவிடுவது வழக்கம். அதை வெட்டுவதில்லை. கோயில் வெளிவீதியில் உயிரோடு விட்டுவிடுவார்கள். அதன் பிறகு அது முருகனுடைய சேவல். மடத்தில் சிந்திய சோற்றைத் தின்று மரத்தில் உறங்கி வாழும். ஒருவரும் பிடிக்கக் கூடாது. திருப்பிக் கேட்கவும் கூடாது.

"காய்ச்சலை மாத்தினது கொயினா. டொக்டருக்கு ஒண்டும் நேரேல்லையோ?"

"டொக்டர் சாவல் கேட்டவரோ?"

"முருகன் மட்டும் கேட்டவரோ?"

"கேட்டவர். உங்களுக்குத்தான் கொயினா குடிச்சுக் காது அடைச்சுக் கிடந்தது."

நான் வழியை மாற்றினேன். "சந்தையிலை நல்ல கொழுத்த சாவலாய் ஒண்டு வாங்கி விடுவம். சாவல் சாவல்தானே?"

"நான் சாவல் எண்டு நேரேல்லை. குடுமியன் எண்டு பேர் சொல்லி நேந்தனான். வாயாலை சொன்னது சொன்னதுதான்."

"உம்மடை சங்கிலியை நேந்திருக்கலாமே?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். காய்ச்சல் இன்னும் முழுதாக விடவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். "அது என்ரையெல்லோ!" என்றாள்.

பக்தி நூல்கள் பல நான் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருவரும் எழுதவில்லை.

குடுமியன் முருகனிடம் போனான். அன்று பின்னேரமே வெள்ளைச் சேவல் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, பதில் வராததைக் கண்டு, கழுத்தை நீட்டி, பிறகு ஒரு காலையும் வைத்தது. நான் பனங்கறுக்கு மட்டை கொண்டு ஓடினேன். பொட்டை அடைத்தேன். மறுநாள் பக்கத்தில் வேறொரு பொட்டு. அதையும் அடைத்தேன். கடைசியில் பேடுகளின் மேல் கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தேன். சேவலைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்பது விதி. பேட்டைச் சேவலிடம் கொண்டுபோகக் கூடாது என்று எந்த ஆகமத்திலும் இல்லை. ஆகமம் எதையும் நான் படித்ததில்லை; அதனால்தான் இவ்வளவு உறுதியாக இருக்க முடிந்தது.

காலைப் பூசைக்கு முன்னே குளித்து, விபூதி பூசி, கடகத்துக்குள் ஒரு பேட்டை வைத்துச் சால்வையால் மூடி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மடத்துக்குப் பின்னால், ஆளில்லாத மூலையில், கடகத்தைத் திறந்துவிட்டேன். குடுமியனுக்குப் பழைய உறவு மறக்கவில்லை. எனக்குத்தான் அந்தச் சமயத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

சில நாள் இப்படிப் போனது. ஒரு நாள் கடகத்தைக் கட்டிக்கொண்டு நிற்கையில் கோயில் ஐயர் பூக்கூடையோடு வந்துவிட்டார்.

"மாஸ்டர், உதுக்குள்ளை என்ன?"

கடகத்துக்குள்ளிருந்து பேடு தானே பதில் சொன்னது.

"நேர்த்தியோ?" என்றார் ஐயர். "முருகனுக்கு ஆரும் பேடு நேர்றேல்லையே."

"நேரேல்லை ஐயா. கொண்டு திரும்பிப் போறன்."

"அப்ப என்னத்துக்குக் கொண்டு வந்தனீர்?"

"கும்பிட."

"ஆர், கோழியோ?"

"ஓம் ஐயா."

ஐயர் என்னைப் பார்த்தார், கடகத்தைப் பார்த்தார், தூரத்தில் இறகைக் கோதிக்கொண்டு நின்ற குடுமியனைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நல்லாய்க் கும்பிட்டிருக்கும்போலை."

சொல்லிவிட்டுப் பூக்கூடையோடு உள்ளே போய்விட்டார். ஆனால் விடியப்புறத்தில் நாள் தவறாமல் நான் கோயிலில் நிற்பதை மற்றவர்களும் கண்டார்கள். காய்ச்சல் மாஸ்டருக்குப் பக்தியைத் தந்துவிட்டதென்று ஊர் பேசியது. அன்னதானச் சபையில் என்னைச் சேர்த்தார்கள். திருவாசகம் தெரியாதவன் என்று முன்பு என்னைப் பழித்தவர்கள் வழிவிட்டு நின்றார்கள். என் மனைவி பூரித்துப் போனாள். ஒரு சேவலைக் கொடுத்து ஒரு சைவனை வாங்கிவிட்டதாக அவள் கணக்கு.

பேடுகள் அடை கிடந்து குஞ்சு பொரித்தன. நான் குந்தியிருந்து ஒவ்வொரு குஞ்சின் மண்டையையும் விரலால் தடவிப் பார்த்தேன். சிலவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் பலவற்றின் உச்சியில் சிறு மொட்டுப் போல ஒரு புடைப்பு. வம்சம் தப்பியது. அவற்றில் சேவலாய் வளர்ந்தது ஒன்றே ஒன்று. மற்றவற்றைக் கீரியும் பருந்தும் பங்கிட்டுக்கொண்டன. அந்த ஒன்று அப்பனின் அச்சு. பொட்டடியில் போய் நின்று செட்டையடிக்கவும் பழகிக்கொண்டது.

விஷயத்தை மனைவியிடம் சொல்ல வேண்டி வந்தது. கோபிப்பாள் என்று பயந்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"முருகன்ரை சாவலுக்குப் பிறந்ததெண்டால் இது முருகன் தந்த பிள்ளை. அவர் கேட்டால் திருப்பிக் குடுக்கத்தானே வேணும்."

முருகன் எப்போது கேட்பார் என்பது எனக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் வரும்போது கேட்பார். அன்றிலிருந்து நான் சுகதேகியானேன். தலையிடி வந்தால் சிரித்தேன். வயிற்றுவலியோடு இரண்டாந்தரம் சோறு வாங்கித் தின்றேன். பள்ளிக்கூடத்தில் மட்டும் தாராளமாகத் தும்முவேன்.

கார்த்திகை மழையில் எனக்குச் சளி பிடித்தது. இருமல் தொண்டைக்குள் வந்து முட்டும்போதெல்லாம் கிணற்றடிக்குப் பின்னால், கோழிக்கூட்டுப் பக்கம், ஓடிப்போய் இருமிவிட்டு வருவேன். ஒரு நாள் மத்தியானம் கொஞ்சம் பலமாக இருமிவிட்டேன்.

"ஆரப்பா அது இருமினது?" குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

கூட்டு வாசலில் இளைய குடுமியன் நின்றான். வேறு சாட்சி இல்லை. "சாவல்," என்றேன்.

பிழை விட்டேன் என்பது அவள் அகப்பையோடு ஓடிவந்தபோதுதான் விளங்கியது. "ஐயோ, முருகன்ரை பிள்ளையெல்லோ!" என்றாள். சேவலைப் பார்த்தாள். அது நல்ல சுகத்தோடு ஒரு புழுவை விழுங்கியது. அவளுக்கு அது விக்கலாகப் பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடினாள். நான் தடுக்க வாயெடுத்தேன். இருமல்தான் வரப் பார்த்தது. வாயைப் பொத்தினேன்.

"முருகா, இந்தச் சாவலுக்குச் சுகத்தைக் குடு. வாற வெள்ளிக்கிழமை இவருக்கு மொட்டை போடுவிக்கிறன்."

வருத்தமே இல்லாத சேவல், அடுத்த நிமிஷமே சுகமாகி நெடுங்குரலில் கூவியது.

வெள்ளிக்கிழமை கோயில் கேணியடியில் என் கிறொப் விழுந்தது. விழுவதற்கு அதிகம் இல்லை என்று நாவிதர் வெளிப்படையாகவே சொன்னார். ஐயர் அந்தப் பக்கமாகப் போகையில், "இண்டைக்குக் கோழி வரேல்லையோ, மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூத்த குடுமியன் மடத்துக் கூரையில் இருந்தபடி குடுமியை ஒரு சிலுப்புச் சிலுப்பினான்.

வீட்டுக்கு வந்தபோது படலையடியில் இளையவன் நின்றான். கழுத்தை நீட்டி, தலையைச் சரித்து, என்னை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. அதே மாதிரி ஒரு படலையடியில் குடுமியோடு நின்ற ஒருவர் முன்பும் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்.

மனைவி என் மொட்டையில் சந்தனம் அப்பிக்கொண்டே சொன்னாள்:

"பாத்தியளே, சாவல் இப்ப இருமுறதே இல்லை."

"ஓம்," என்றேன், இருமலை விழுங்கிக்கொண்டு.