செல்வி அக்கா கடையின் சிவப்புப் பட்டியல்

ரேஷன் கார்டில் பெயர் திருத்த, இன்று சாந்தன்பாறையில் செல்வி அக்காவின் ஆன்லைன் சர்வீஸ் கடைக்குப் போயிருந்தேன். மலைமேல் இருக்கும் எங்கள் ஏலக்காய் எஸ்டேட் ஆட்களுக்கு மெயில் முதல் பி.எஃப். கணக்கு வரை எல்லாம் திறந்து கொடுப்பது அவர்தான்.

சேமித்து வைத்த பாஸ்வேர்டு வெளியே கசிந்திருந்தால் பிரவுசரே கண்டுபிடித்துச் சொல்லுமாம். அக்கா அந்தப் பட்டனைச் சும்மா அழுத்திப் பார்த்தார்.

நான் மூச்சுவிடுவதற்குள் பட்டியல் வந்துவிட்டது. எல்லாம் சிவப்பு. கீழே தள்ளத் தள்ள எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களின் பெயர்கள் முடியவே இல்லை. உலகமெங்கும் திருடுபோன பாஸ்வேர்டுகளின் குவியலுக்குள் இந்த மலையை அது எப்படித் தேடி எடுத்தது என்று வியந்தேன்.

"என்னக்கா, ஒருத்தர் விடாம எல்லாருதும் போயிருச்சா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதான்டா போட்டேன். மறந்துட்டு எங்கிட்டதான வந்து நிப்பீங்க. ஏலக்காய்123."



பதினோரு வருஷமாகக் கட்டின மனைவிக்குக்கூடச் சொல்லாமல் நான் காப்பாற்றிய ரகசியம் அது.

அக்கா முதல் பெயரிலிருந்து ஒவ்வொருவர் பாஸ்வேர்டாக மாற்றிக்கொண்டிருக்கிறார். என் முறைக்காகக் கடை வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பாஸ்வேர்டை யார் போட்டுக் கொடுத்தார்கள்?