வைத்தவரே வந்து எடுத்த முத்திரை

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடைக்குத் திரும்பியபோது, மட்டக்களப்பிலிருந்து வந்த பஸ்ஸின் கொண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார்: "காக்கா, நம்மட தம்பிராசா பிரக்கிராசியார் காலமாகிட்டாராம்." ஏறாவூர்க் கடைத்தெருவில் அன்று பலர் பாதிக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு சட்டத்தரணிக்காக எங்கள் தெரு அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பேச்சும் தெரியும். நாக்குத் திக்கும். ஒரு சொல்லை வெளியே எடுப்பதற்குள் முகம் சிவந்துவிடும். காணி உறுதி எழுதத்தான் அவரிடம் போவார்கள். வழக்குப் பேச யாரும் பிடிப்பதில்லை. என் கடை பூட்டப்படும்வரை நானும் அப்படித்தான்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் யுத்த காலம்; அரிசி கூப்பனுக்குத்தான். தன்னாமுனை வரைக்கும் உள்ள குடும்பங்கள் என்னிடந்தான் கூப்பன் அரிசி எடுத்தன. நான் அரிசியைப் பதுக்குவதாக யாரோ எழுதிய மொட்டைப் பெட்டிசத்தை நம்பி ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்து சோதித்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் விசாரணை முடியவில்லை என்று கதவைப் பூட்டி, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டுப் போனார். அவரைப் பகைக்க விரும்பாமல் மூன்று பிரக்கிராசிமார் கைவிரித்தார்கள். என் மச்சான் கோடரியைத் தூக்கிக்கொண்டு நின்றார். கடைசியில்தான் தம்பிராசா ஐயாவிடம் போனோம்.

"பூ... பூட்டுல கை வைக்காதீங்க, காக்கா. உடைச்சா அவருக்கு வழக்குக் கிடைக்கும். உடைக்காட்டி நமக்குக் கிடைக்கும்."

எந்தச் சட்டப்படி, யாருடைய கட்டளையில் பூட்டினீர்கள் என்று கேட்டு அன்றைக்கே இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. "நல்லது, அதுவும் நமக்குச் சாட்சிதான்" என்று சிரித்தார். பிறகு சத்தியக்கடதாசியை உறுதிப்படுத்த ஒரு சமாதான நீதவானையும் கூட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனார். அரிசியில்லாமல் பிள்ளைகளுக்கு மரவள்ளி அவித்துக் கொடுப்பதாகப் பெண்கள் சத்தியக்கடதாசியில் விரலடையாளம் வைத்தார்கள். அவற்றை இணைத்து மன்றின் நீதவானுக்கு மனுப் போட்டார்.

மன்றில் அவர் எழும்பியதும் பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். நீதவான் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஐயா இங்கிலீசில் திக்கித் திக்கிச் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார்: "பொலிஸார் சோதிக்கலாம். எதையும் கைப்பற்றினால் இந்த மன்றுக்கு அறிவிக்க வேண்டும். இங்கே எதுவும் கைப்பற்றப்படவில்லை. கடையைப் பூட்ட இந்த மன்று கட்டளை கொடுத்ததா?"

அவ்வளவுதான். அதைச் சொல்லி முடிக்கையில் அவருடைய சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. இன்ஸ்பெக்டரிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. கடையைத் திறந்துவிடும்படி கட்டளை பிறந்தது.

நான் அரக்கைச் சுரண்டக் கத்தியை எடுத்தேன். "நீங்க இல்ல, காக்கா. வைச்ச ஆள் வந்து எடுக்கட்டும்" என்றார் ஐயா. பட்டப்பகலில், கூப்பனோடு நின்ற பெண்கள் பார்க்க, இன்ஸ்பெக்டரே வந்து எடுத்தார். ஐயா அவருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "ச... சட்டத்துக்குப் பணிஞ்சு வந்த மனுசன். மரியாதை குடுக்கணும்" என்றார்.

காக்கி உடுப்பு கடைவாசலில் ஏறினால் இன்றைக்கும் நான் மரியாதைக்கு எழும்புகிறேன். ஆனால் யாருடைய கட்டளையில் வந்தீர்கள் என்று கேட்காமல் விடுவதில்லை. தம்பிராசா ஐயாவிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.