உலைக்காரர் மோர்

எனக்கு பிரஷர் என்று தெரிந்ததும் உலைப் பக்கத்திலிருந்து என்னை வே பிரிட்ஜுக்கு மாற்றினார்கள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி அது. உலையில் வெந்தவனுக்கு வே பிரிட்ஜ் சொர்க்கம். தலைக்கு மேல் ஃபேன், உட்கார நாற்காலி. லாரி வந்தால் எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதி, உப்பைக் குறை, நட என்றார். நடந்தேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தே அலுத்துப்போனார்கள். வீட்டில் ஊறுகாயையும் கருவாட்டையும் என் மனைவி கண்ணிலேயே காட்டவில்லை. குழம்பு வாயில் வைக்க விளங்காது. எரிச்சலில் தட்டைத் தள்ளுவேன், அப்புறம் வேறு வழியில்லாமல் இழுத்துவைத்துத் தின்பேன். இத்தனை செய்தும் பாழாய்ப்போன பிரஷர் இறங்கவில்லை. இரண்டாவது மாத்திரை வந்தது, பிறகு மூன்றாவது. நான் கான்ட்ராக்ட் ஆள், ஈ.எஸ்.ஐ. கார்டு கிடையாது. எல்லாம் கைக்காசு.

கடைசியில் டாக்டர், "கிட்னியில கோளாறு இருக்கலாம், மெட்ராஸ் போய் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார். எங்களிடம் விற்கிற மாதிரி இருந்தது ஒரு கறவை மாடுதான். அதன் பாலை சொசைட்டியில் ஊற்றித்தான் குடும்பமே ஓடியது. தரகர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். மனைவி அன்று மாட்டுக்கு இரண்டு பங்கு புண்ணாக்கு வைத்தாள்.

சனிக்கிழமை மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு அவளே வந்துவிட்டாள். வே பிரிட்ஜ் கேட்டை ஒட்டியே இருந்ததால் வாட்ச்மேன் உள்ளே விட்டார். அந்த நேரம் பார்த்து உலைக்காரர் ஒருவர் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உலையில் நிற்பவர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற மோர். வியர்வையில் உப்பெல்லாம் போய்விடும் என்று கல் உப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டுக் கலக்குவார்கள். நான் இடம் மாறியும் என் பங்கு நிற்கவில்லை. "அண்ணனுக்கு எடுத்து வெச்சிட்டுத்தான் நாங்க வாய வெப்போம்" என்பார்கள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? காலையில் ஒன்று, மதியம் ஒன்று. போதாக்குறைக்கு, மோர் குளிர்ச்சி, பிரஷருக்கு நல்லது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயிலில் வந்தவள் சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அப்படியே வெளியே ஓடித் துப்பினாள்.

"இன்னாய்யா இது, கடல் தண்ணியா? இத தெனம் குடிக்கிறியா?"

"மோருதானே" என்றேன்.

"ஊட்ல நான் உப்பில்லாம ஆக்கிப் போட்டுகினு கெடக்கறேன், நீ இங்க சொம்பு சொம்பா ஊத்திகினு இருக்கியா? டாக்டராண்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அவர் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார். மோரை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்?

அன்று சாயங்காலமே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துபார்த்து, கிட்னி நன்றாகத்தான் இருக்கிறது என்றார். "மோரை நிறுத்துங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. ஒரு மாசம் பாத்துட்டு மெட்ராஸ் போறத யோசிப்போம்." அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கயிற்றோடு வந்த தரகரை, அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பினாள். அந்த மாதத்தில் பிரஷர் இறங்கியது. மெட்ராஸ் போக வேண்டாம் என்று சொல்லி ஒரு மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். கொஞ்ச நாளில் இன்னொன்றையும் நிறுத்தினார். மிச்சம் ஒன்றை இன்றும் போடுகிறேன்.

தரகர் சொன்னபடி மறுபடி வந்தார். "வேற ஊட்டப் பாரு நைனா" என்று சொல்லிவிட்டு, என் மனைவி எங்கள் மாட்டு மோரை ஒரு டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். ஒரு கல் உப்பில்லை, சப்பென்று இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.