மலைக்குப் போகத் தேவையில்லை

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த கம்பெனி கேபிள் டிவியில் தொடங்கி இன்டர்நெட்டுக்கு வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி. கீழே செருப்புக்கடை. மேலே ஏசி போட்ட அறையில் கருவிகள் இருந்தன, அதற்கு வெளியே விசிறிக்கடியில் நாங்கள் இருந்தோம். டிப்ளமோ முடித்ததும் அங்கே சேர்ந்தேன். அடுத்த தெருவில்தான் அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஹார்டுவேர் கடை என்பதால் வீட்டில் யாரும் தடை சொல்லவில்லை.

சின்னசேலம், சங்கராபுரம் பக்கமெல்லாம் எங்கள் லைன் கம்பியில் போனது. கல்வராயன் மலைக்கு மட்டும் கம்பி கிடையாது. அடிவாரத்திலிருந்து கம்பத்துக்குக் கம்பம் டிஷ் வைத்துக் காற்றில் ஏற்றியிருந்தோம். மேலே சில பள்ளிக்கூடங்கள், ஒரு ஆஸ்பத்திரி, கொஞ்சம் கடைகள். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. வருகிற இன்டர்நெட்டை எந்த வயரில் யாருக்கு அனுப்புவது என்று பிரித்துவிடுகிற பெட்டி. எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதை நாம்தான் வரிவரியாக எழுதி அதற்குள் ஏற்ற வேண்டும். அதைக் கான்ஃபிக் என்போம். கான்ஃபிக் ஏறாத ஸ்விட்ச் வெறும் டப்பா.

மலையைப் பார்த்துக்கொண்டவர் நைனார்பாளையத்துக்காரர். குத்தகை நிலத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டே வேலைக்கும் வந்தவர். என்னைவிட நிறைய மூத்தவர். நான் அண்ணா என்பேன். அவர் என்னை வாம்மா, போம்மா என்பார். இடி இடித்தால் மலையில் ஏதாவது ஒரு ஸ்விட்ச் எரியும். புது ஸ்விட்சையும் லேப்டாப்பையும் பையில் கட்டிக்கொண்டு அவர் பைக்கில் ஏறுவார். பழையதில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு எங்களிடம் ஒழுங்கான பிரதி எதுவும் இருக்காது. யாரோ எப்போதோ மாற்றியிருப்பார்கள், எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அவர் மழையில் நனைந்துகொண்டே யோசித்து யோசித்து லேப்டாப்பில் அடிப்பார். லைன் வராவிட்டால் போன் சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் இறங்கி வந்து என்னைக் கூப்பிடுவார்.

"லைனு வந்துட்ச்சா பாரு மா."

"இல்லண்ணா."

"இன்னும் இன்னா பண்ணணும்னு தெரியலயே. சரி, மறுபடி போறேன்."

இப்படி ஏறி இறங்கிய ஒரு நாளில்தான் ஈரத்தில் வண்டி சறுக்கி விழுந்தார். கால்முட்டி விலகிவிட்டது. கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியபோது மாடிப்படி ஏறவே கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலோடு மறு வாரமே மலைக்கு அனுப்பினார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. வழி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அப்படிக் கிடைத்ததுதான் அந்த மென்பொருள். இலவசம். உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். தினமும் அதுவாகவே ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் போய், உனக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு, வாங்கிப் பத்திரப்படுத்தும். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு வரி மாறியிருந்தால்கூடக் காட்டிக்கொடுக்கும். ஒன்று எரிந்துபோனால் அதே கான்ஃபிக்கைப் புதியதற்குள் அப்படியே ஏற்றித் தரும். மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து அதில் போட்டேன்.

ஊருக்குள் இருந்த ஸ்விட்சுகளோடு அது பேசியது. மலையில் இருந்தவை மலிவான வேறு கம்பெனிச் சரக்கு. அவற்றின் பாஷை அதற்குத் தெரியவில்லை. அந்தப் பாஷையைச் சொல்லித்தரும் பகுதியை நானே எழுத உட்கார்ந்தேன். பல மாதம் ஆனது. மென்பொருளைப் பராமரிக்கிற ஆள் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் அனுப்பியதை நாலைந்து தடவை திருப்பி அனுப்பினார், ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் காரணம் எழுதினார். கடைசியில் சேர்த்துக்கொண்டார். கீழே நன்றி என்று ஒரு வரி.

அன்றைக்குக் கடைக்குப் போய் அத்தாவிடம் போனில் காட்டினேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுக்கு இன்னா குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல அத்தா. எல்லாருக்கும் பொது."

"சரி. நல்லாரு" என்றார். பாதிதான் நம்பினார்.

அண்ணாவுக்கு நான் சொன்னபோது முதலில் சந்தோஷப்பட்டார். "அப்ப இனிமே மேல ஒக்காந்து அடிக்கத் தேவயில்ல" என்று சிரித்தார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஏறத்தான் வேண்டும், ஆனால் ஏறியதும் மாட்டிவிட்டு இறங்கிவிடலாம்.

அடுத்த இடி சீசனில் ஒரு பள்ளிக்கூடத்து ஸ்விட்ச் எரிந்தது. அண்ணா வயலில் தண்ணி விட லீவு போட்டிருந்தார். முதலாளி என் மேசைக்கே வந்து நின்றார். முன்பு வீடு வீடாகக் கேபிள் இழுத்தவர் அவர். குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"நீ இங்கியே புதுசுல எல்லாத்தயும் ஏத்திட முடியுமா?"

"முடியும் சார்."

"ஏத்து. மலை பஸ்ல குடுத்து அனுப்பலாம்."

ஏற்றினேன். எந்த வயர் எந்த ஓட்டையில் என்று கலர் ஸ்டிக்கர் ஒட்டினேன். கண்டக்டர் மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பள்ளியில் போன் சிக்னல் கொஞ்சம் கிடைக்கும். அங்கிருந்த கணக்கு டீச்சர் போனில் என்னிடம் கேட்டுக் கேட்டு அவரே மாட்டினார். சாயங்காலத்துக்குள் லைன் வந்துவிட்டது. என் திரையில் அந்தப் பள்ளியின் பெயர் பச்சையானதைப் பார்த்து முதலாளி என் நாற்காலியின் முதுகைத் தட்டினார்.

"அப்ப மலைக்கு ஆளு எதுக்கு?"

நான் எழுந்து நின்றேன். டிஷ் காற்றில் திரும்பும், கம்பம் சாயும், அதற்கெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும் என்றேன். அண்ணாவுக்குத்தான் எந்தப் பாறையில் எந்தக் கம்பம் என்று தெரியும் என்றேன்.

"டிஷ்ஷத் திருப்பறதுக்கு மேலயே ஆளு கெடைக்கும். கூப்பிட்டா வருவான். ஆளு கம்மி பண்ணணும்னு நானே யோசிச்சிக்கினு இருந்தேன். நல்ல வேல பண்ண."

அந்த மாதத்தோடு அண்ணாவை நிறுத்தினார்கள். காரணம் கேட்ட அவரிடம் முதலாளி, "பாப்பா சாஃப்ட்வேர் போட்டிருக்குது, இனிமே அது பாத்துக்கும்" என்று சொல்லியிருக்கிறார். என்னைக் காரணம் காட்டித்தான் சொல்லியிருக்கிறார்.

அண்ணா தன் மழைக்கோட்டையும் வயர் முனையைக் கடித்து மாட்டுகிற கிரிம்பிங் டூலையும் எடுத்துக்கொள்ள வந்தார். நான் அவர் கூடவே படியிறங்கினேன். செருப்புக்கடை வாசலில் நின்றோம்.

"உங்க காலுக்காகத்தாண்ணா செஞ்சேன். இப்டி ஆகும்னு நெனைக்கல."

"தெரியும் மா."

"நான் போய் மறுபடி பேசறேன்."

"நா ஒன்னான்ட கேட்டனா?" என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே கேட்டார். "கால் வலிக்குதுன்னு ஒன்னான்ட வந்து சொன்னனா? வலிச்சிக்கினே போய்க்கினு இருந்தேன். வூட்ல அடுப்பு எரிஞ்சிக்கினு இருந்துச்சி. நீ நல்லதுதான் நெனச்ச. நெனச்சத வச்சிக்கினு நா இன்னா பண்றது?"

பைக்கை உதைத்துக் கிளப்ப முடியாமல் தள்ளிக்கொண்டே போனார்.

நான் செய்தது தப்பு என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. மழையில் ஒரு மனிதன் முட்டி தேயத் தேய ஏறுவதைத் தடுக்க நினைத்தேன். தடுத்துவிட்டேன். ஆனால் அதைச் சொன்னால் கேட்க யாரும் இல்லை. ஆபீசில் மற்றவர்கள் என் திரையைத் தாண்டிப் போகும்போது பேச்சைக் குறைத்தார்கள். அடுத்து யார் வேலையை அது பார்க்கும் என்று அவர்களுக்குப் பயம். டீ வந்தால் என்னைக் கூப்பிடாமலே குடித்தார்கள்.

முதலாளி மட்டும் என்னைக் கொண்டாடினார். மற்ற ஊர் கேபிள்காரர்களைக் கூட்டி வந்து, "நாங்களே பண்ணது" என்று காட்டினார். "நாமளா பண்ணல சார், பொதுவுல இருக்கறது. மலை ஸ்விட்ச்சுக்கானது மட்டும்தான் நம்மது" என்று ஒருமுறை அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர்கள் போனதும், நான் எழுதிய பகுதியில் என் பெயரை எடுத்துவிட்டுக் கம்பெனிப் பெயரைப் போடச் சொன்னார். சம்பளம் நான் தருகிறேன் அல்லவா என்றார். மாற்றினேன். அதை ஏன் எதிர்க்கவில்லை என்று அத்தா கேட்டார். அண்ணா போன பிறகு அதில் என் பெயர் இருப்பதும் இல்லாததும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

பிறகு முதலாளி கம்பெனியை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார். ஆள் குறைவு, செலவு குறைவு, எல்லாம் தானாக ஓடுகிறது என்று சொல்லித்தான் நல்ல விலை பேசினார் என்று கேள்விப்பட்டேன். வாங்கியவர்கள் சென்னையிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். இருவரும் மரியாதையானவர்கள். என் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்து, இதை நாங்களும் கேள்விப்பட்டிருக்கிறோம், நல்ல சாமான், ஆனால் எங்களிடம் காசு கொடுத்து வாங்கியது இருக்கிறது என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை நிறுத்தினார்கள். அதன் விசிறிச் சத்தம் அடங்கியது.

மலை வரைபடத்தைப் பார்த்து அவர்களில் ஒருவர் கேட்டார், "இங்க கனெக்ஷன் எவ்ளோ?" சொன்னேன். அவர் மற்றவரைப் பார்த்தார். அவ்வளவுதான். மலை லைனை எடுத்துவிட்டார்கள். டிஷ்களைக்கூடக் கழற்றவில்லை, கழற்றுகிற கூலி வீண் என்று. கணக்கு டீச்சர் சில நாள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாட்டியதில் ஏதாவது தப்பா என்று கேட்டார். பிறகு அவரும் கூப்பிடவில்லை. என்னைச் சென்னைக்கு வரச் சொன்னார்கள், போகவில்லை. ஆட்குறைப்பின் அடுத்த பட்டியலில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது.

சென்ற வருடம் சென்னையில் ஒரு இன்டர்வியூ. அதே மென்பொருளை அங்கே உபயோகிக்கிறார்கள். அதில் இந்தப் பகுதி நான் எழுதியது என்றேன். திறந்து பார்த்தார்கள். அங்கே இருந்தது இப்போது இல்லாத எங்கள் பழைய கம்பெனியின் பெயர். சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஹைவே ஓட்டலில் பஸ் நின்றது. காக்கிச் சட்டையும் விசிலுமாக ஒருவர் பஸ்ஸைப் பின்னால் வரச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார். இறங்கிய பிறகுதான் அண்ணா என்று தெரிந்தது. உடம்பின் பாரத்தை ஒரு காலில் வைத்து நின்றார்.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?"

அந்த 'ங்க' எனக்கு எங்கேயோ குத்தியது. குத்தகை நிலத்தை நிலத்துக்காரர் திருப்பி வாங்கிவிட்டாரா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எனக்கும் இப்போது கம்பெனியில் வேலை இல்லை என்றேன். தலையாட்டினார். மலை லைனை எடுத்துவிட்டார்கள் என்றேன். அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி லைனுமா?"

"எல்லாமேதாண்ணா."

"அந்தக் கடேசிக் கம்பம் நட பாறைய ஒடைக்கவே ரெண்டு வாரம் ஆச்சிங்க" என்றார். அடுத்த பஸ் உள்ளே திரும்பியது. "டீ சாப்புட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு அதன் பின்னால் நொண்டிக்கொண்டே ஓடினார்.

நான் டீ வாங்கினேன். டிரைவர் ஹாரன் அடித்ததும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.