தெரியும் என்று ஒரு கையெழுத்து

இந்த ஊரில் நான் முதலில் கற்றுக்கொண்ட கன்னடச் சொல் "கொத்தில்லா". தெரியாது. பஸ்ஸில், பால் பூத்தில், காய்கறி வண்டியோரம், வழி கேட்டவர்களிடம், வழி சொன்னவர்களிடம், எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கன்னடம் கொத்தில்லா, தெரு கொத்தில்லா, ஆள் கொத்தில்லா. மழை வரும்போல இருக்கும், வராது. வராது என்று நம்பித் துணி உலர்த்தினால் கொட்டும். வானத்தோடுகூடப் பழக்கமில்லாத நாட்கள் அவை.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். கப்பலேறி மலாயாவுக்குப் போனவர்களின் நான்காம் தலைமுறை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்னக் கம்பெனி மென்பொருளுக்குக் கையேடு எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தது. நானோ இருந்த இடத்தில் இருக்கப் பிடிக்காமல் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தேன். பொருந்திப் போயிற்று. ஈஜிபுராவில் ஒரு மாடி அறை எடுத்தேன். கீழே இறங்கினால் தெரு முழுக்கத் தமிழ். வேலூர்த் தமிழ், தர்மபுரித் தமிழ், கன்னடத்தில் தோய்ந்த தமிழ். முகம் எனக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். நான் வெளிநாட்டுக்காரி என்று சொன்னால் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. வங்கி மட்டும் உடனே நம்பியது.

கிளம்பும்போது விமான நிலையத்தில் அம்மா அழவில்லை. கேள்விதான் கேட்டார்.

"போ. நான் வேணான்னு சொல்லல. ஆனா அங்க உன்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்களா, அத மட்டும் சொல்லு."

பெட்டியின் சக்கரத்தைச் சரி பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

கம்பெனியில் சம்பளத்தைக் காசோலையாகத் தந்தார்கள். குறுக்கே இரண்டு கோடு போட்ட காசோலை. என் பெயரில் உள்ள கணக்கில் போட்டால்தான் அது பணம். கணக்கு இல்லாதவரை அது என் பெயர் எழுதிய அழகான காகிதம். முதலாவதை ஓர் அகராதிக்குள் வைத்தேன். அடுத்தது வந்தது, அதையும் அங்கேயே வைத்தேன். கணக்குப் பிரிவுக்காரர் நல்ல மனிதர், கைச்செலவுக்குக் கொஞ்சம் முன்பணம் கொடுத்தார். "சீக்கிரம் அக்கவுண்ட் தொறந்துடுங்க மேடம், இல்லேன்னா எனக்கும் பேஜாரு" என்றார். அந்த முன்பணம் தீர்ந்தால் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அகராதி கனத்துக்கொண்டே வந்தது. நான் கரைந்துகொண்டே வந்தேன்.

பல வங்கிகளில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததுமே தலையசைத்துவிட்டார்கள். கண்டோன்மென்ட் பக்கம் இருந்த ஒரு கிளையில் மட்டும் உட்காரச் சொன்னார்கள். அரைக்கை ஸ்வெட்டர் போட்ட அதிகாரி என் பாஸ்போர்ட்டையும், போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் பதிந்து வாங்கிய அனுமதிப் புத்தகத்தையும் நிதானமாகப் புரட்டினார். எங்கள் நாட்டு வழக்கப்படி என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ, பி என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கம். அவர் நிமிர்ந்து, "ஆந்திரப் பிரதேசமா? அப்ப இந்த மலேசியா எதுக்கு?" என்றார். விளக்கினேன். "நல்லாயிருக்கு. பேருக்குள்ளயே உறவு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு விண்ணப்பத்தின் கீழ்ப்பகுதியில் விரல் வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. இன்ட்ரொடக்‌ஷன் வேணும். நம்ம பிராஞ்ச்ல அக்கவுண்ட் இருக்கறவரு, உங்களத் தெரிஞ்சவரு ஒருத்தர் இங்க வந்து கையெழுத்துப் போடணும்."

"எனக்கு இங்க யாரையும் தெரியாது, சார்."

"அப்ப யாரையாவது தெரிஞ்சிக்கிட்டு வாங்க."

மழை நின்றதும் போங்க என்பதுபோலத்தான் சொன்னார். கேலி இல்லை. ஆனால் எனக்கு அது அம்மாவின் கேள்வியாகவே கேட்டது. அதே கேள்வி, இப்போது கட்டம் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டு.

அந்த நாட்களில் எந்த வங்கியிலும் அதுதான் வழக்கம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர், வெளியே நிற்கும் ஒருவரைக் காட்டி, இவரை எனக்குத் தெரியும் என்று எழுதித் தர வேண்டும். அவரையும் முன்பு யாரோ அப்படித்தான் உள்ளே அழைத்து வந்திருப்பார்கள். அந்த யாரோவை வேறு யாரோ. அந்தக் கிளையின் பெஞ்சில் உட்கார்ந்து, பித்தளை டோக்கனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த ஒவ்வொருவரையும் பார்த்தேன். இவர்கள் எல்லோரையும் யாருக்கோ தெரிந்திருக்கிறது. அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால், முதன்முதலாகக் கணக்குத் திறந்தவருக்கு யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

எங்கள் தெருமுனையில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. மஞ்சள் பலகை. வாசலோரம் உள்ளூர் பேச ஒரு சிவப்புப் போன். உள்ளே, வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பேச ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டின் கதவு முழுதாகச் சாத்தாது. நடத்தியவர் என் வயதுப் பெண். காதோரம் பேனா செருகியிருப்பார், மேசைமேல் எப்போதும் பாதி உரித்த பூண்டு இருக்கும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஞாயிறு காலை கூண்டுக்குள் போய் அம்மாவுடன் பேசுவேன். மற்ற நாட்களில் சிவப்புப் போனில் ஒரு ரூபாய் போட்டு, அலுவலகத்தில் பழகியவர்கள் ஒவ்வொருவரையும் கேட்பேன்: உங்களுக்கு அந்தக் கிளையில் கணக்கு உண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா? ஒரே ஒருவருக்கு இருந்தது. வருகிறேன் என்றும் சொன்னார். மறுநாள் அவரே இழுத்தார். "தப்பா நினைக்காதீங்க. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுன்னதும் அப்பா வேணாங்கறாரு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா…" அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு என்னைத் தெரியாதுதான்.

அந்த ஞாயிறு கூண்டுக்குள் நின்று அம்மாவிடம் வழக்கம்போலப் பாடினேன். கணக்கு எப்போதோ திறந்தாச்சும்மா, சம்பளம் விழுந்துகிட்டுதான் இருக்கு, சாப்பிட்டேன், இங்க எல்லாரையும் தெரியும். வெளியே வந்து பில்லுக்குக் கை நீட்டினேன். பூத்துக்கார அக்கா பில்லைத் தரவில்லை.

"மேடம், ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"உள்ள போனா, பேங்க்ல கணக்கு தொறந்தாச்சுன்றீங்கோ. வெளி போன்ல, கையெழுத்து போட ஆளில்லேன்றீங்கோ. இதுல எது நெசம்?"

காது சுட்டது. "வெளி போன்ல சொன்னது" என்றேன்.

"அதான் பாத்தேன். கூண்டுக்குள்ள போனா உங்க கொரலே ஷோக்கா ஆயிடுது. எந்த பிராஞ்சு?"

சொன்னேன்.

"அய்ய. அது எங்கம்மா வீட்டாண்ட. கல்யாணத்துக்கு மின்ன தொறந்தது, என் கணக்கு இன்னும் அங்கதான் கீது. ரெண்டு மாசமா என் முன்னாலயே நின்னு ஊரெல்லாம் கேக்கறீங்கோ, என்னை ஒரு வார்த்தை கேட்டா இன்னா?"

"உங்களுக்கு என்னைத் தெரியாதே அக்கா."

அவர் பூண்டை மேசையில் வைத்தார்.

"தெரியாதா? உங்க வூட்டுப் பூனை சலவை மெஷின் பின்னால குட்டி போட்டது தெரியும். உங்க தம்பி லைசென்ஸ் எடுக்கப் போயி பெயிலாயிட்டு, ரோடு மேல பழி போட்டது தெரியும். உங்கம்மாக்கு முட்டி வலி, டாக்டராண்ட போவ மாட்டேன்றாங்க. நீங்க சாப்ட்டேன்னு வேகமா சொன்னா சாப்டலைன்னு அர்த்தம். கையெழுத்து போட இதுக்கு மேல இன்னா தெரியணும்?"

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றபோதெல்லாம் நான் தனியாக இருந்ததாக நினைத்திருந்தேன்.

"வீட்டுக்காரர் ஒன்னும் சொல்ல மாட்டாரா?"

"கணக்கு அவரு பேர்லயா கீது?"

வேலை நாள் ஒன்றில் பூத்தை மூடினார். கல்யாணத்துக்குப் போவதுபோலக் கஞ்சி மொடமொடக்கும் புடவை. பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, வழியெல்லாம் தான் படித்த பள்ளி, தான் விழுந்த சாக்கடை என்று காட்டிக்கொண்டே வந்தார். வங்கியில் ஸ்வெட்டர் அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு நிமகெ கொத்தா?"

இவரை உங்களுக்குத் தெரியுமா என்கிறார். அந்தக் 'கொத்து'வோடு எத்தனை நாள் நான் 'இல்லா' சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை.

"கொத்து, சார். சென்னாகி கொத்து."

நன்றாகத் தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டார் அதிகாரி. "ஞாயித்துக்கெழம ஆனா அவங்கம்மாவோட பேசறாங்க சார். நான் கேக்கறேன்" என்றார் அக்கா. அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். "அத எழுத முடியாதும்மா. பழக்கம்னு எழுதுங்க."

பழக்கம் என்று எழுதி, அக்கா கையெழுத்துப் போட்டார். எனக்காக என்பதால் மிக நிதானமாக, ஒவ்வொரு கன்னட எழுத்தையும் வளைத்து, கோலம் போடுவதுபோலப் போட்டார். அதிகாரி பெட்டியிலிருந்து அவருடைய மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அட்டையில் இருந்தது ஒரு கிறுக்கல், ஒரு இழுப்பு, ஒரு புள்ளி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னுதுதான் சார். அவங்களுக்குப் போடறதாச்சே, நல்லா இருக்கட்டும்னு…"

"நல்லா வேணாம்மா. எப்பவும் போல போடுங்க."

எப்பவும் போல என்று சொன்னபின் யாரால் எப்பவும் போல இருக்க முடியும்? ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். ஒன்று நடுங்கியது. அடுத்தது முன்னதைவிட அழகாக வந்து தொலைத்தது. அக்காவின் நெற்றியில் வியர்வை. "நாளைக்கு வாங்களேன்" என்றார் அதிகாரி. பூத்தை அவர் இன்னொரு நாள் மூடுவாரா? மூடுவார். அதைக் கேட்க எனக்கு மனசு வருமா? வராது. அகராதிக்குள் காசோலைகள் பழுத்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அவர் பில்லில் கையெழுத்துப் போடும் விதம் ஞாபகம் வந்தது. காதோரப் பேனாவை உருவி, காகிதத்தைப் பார்க்காமலே, அடுத்த ஆளோடு சண்டை போட்டுக்கொண்டே ஒரு இழுப்பு. வாரா வாரம் அதை வாங்கி மடித்துப் பையில் போட்டிருக்கிறேன்.

பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "அக்கா, நேரமாச்சு, எனக்கு பில் போட்டுக் குடுங்க. ஏன் இந்த வாரம் இவ்ளோ ஆச்சு? மீட்டர் சரியா ஓடுதா?"

"இன்னா பேசறீங்கோ? என் மீட்டரையா சொல்றீங்கோ? பேசறதெல்லாம் பேசிட்டு மீட்டரச் சொல்றதா?" என்று என் முகத்தைப் பார்த்துச் சீறினார். கை தானாக விண்ணப்பத்தில் இழுத்தது. கிறுக்கல், இழுப்பு, புள்ளி.

அதிகாரி அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆயித்து" என்றார். முடிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி, "யாரு யாருக்கு இன்ட்ரொடக்‌ஷன்னே புரியலியே" என்று சிரித்தார். அன்று மாலையே பாஸ்புக் கையில் இருந்தது. ஈஜிபுராவுக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை அக்காதான் வைத்துக்கொண்டு வந்தார். நான் எங்காவது தொலைத்துவிடுவேனாம்.

அதன்பிறகு நான் எத்தனையோ வீடு மாறிவிட்டேன்; கால் ஓரிடத்தில் நிற்காத பிறவி. ஊரை மட்டும் மாற்றவில்லை. அந்தக் கிளையில் மற்றவர்களுக்காக நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பழக்கம் என்று எழுதி, எப்பவும் போல. இப்போது அந்தக் கட்டமே விண்ணப்பத்தில் இல்லை. அடையாள அட்டை போதும் என்கிறார்கள். சௌகரியம்தான். ஆனால் நான் நன்றி சொல்ல உட்காரும்போதெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். அது கேட்டிராவிட்டால், எனக்கு ஆள் இருந்தது எனக்குத் தெரிந்தே இருக்காது.

பாஸ்புக் கைக்கு வந்த அந்த வாரத்து ஞாயிறு கூண்டுக்குள் போனேன்.

"அம்மா, பேங்க்ல கணக்கு திறந்தாச்சு."

மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடின. மறுமுனையில் அம்மா பெருமூச்சு விட்டு, எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொன்னார்.

"ரெண்டு மாசமா திறந்துகிட்டே இருக்கியே லா. இன்னிக்குத்தான் நெசமா திறந்த மாதிரி இருக்கு. யாரு ஒதவி பண்ணா? அங்க உன்னைத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

இந்தத் தடவை குனிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கதவைத் தள்ளி, போனை வெளியே நீட்டினேன். அக்கா புடவையில் கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் வெளியே வந்து அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தேன். கதவு அப்போதும் முழுதாகச் சாத்தவில்லை.

"நல்லாக் கீறீங்களாம்மா? முட்டி வலி எப்டி கீது?… ஐயோ, நல்லா சாப்புடறாங்கம்மா. காலைல நாலு இட்லி, நானே பாத்தேன்."

நான் அன்று காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பாதி உரித்த பூண்டை எடுத்து, மீதியை உரிக்கத் தொடங்கினேன்.