அபரஞ்சியம்மா கேட்ட கையெழுத்து

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வந்த ஒரு விவசாயி மருந்துச் சீட்டை நீட்டியபடியே சொன்னார்: "நர்ஸம்மா போய்ட்டாங்க கம்பவுண்டர் சார். முந்தாநேத்தே எடுத்துட்டாங்க." எந்த நர்ஸம்மா என்று நான் கேட்கவில்லை. அந்த ஊரிலிருந்து எங்கள் தாய் சேய் நல விடுதிக்கு வேலைக்கு வந்தவர் அபரஞ்சியம்மா ஒருவர்தான். விவசாயிக்கு மருந்தைக் கலந்து கொடுத்தேன். பின்னால் நின்ற நாலு பேருக்கும் கொடுத்தேன். சாவுச் சேதி சொல்ல எனக்கு யாரும் ஆள் விடவில்லை. விடுகிற அளவுக்கு எங்களுக்குள் உறவு மிச்சமில்லை. அதற்குக் காரணம் நான்.

அபரஞ்சியம்மாவை அறிந்தவர்களுக்கு அவருடைய நடை நினைவிருக்கும். குடையும் பையுமாகப் பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் வேகமாகப் போவார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற சமணக் குடும்பம் அவருடையது. தாய்மார்களை வீடு வீடாகப் பார்க்கப் போய் இருட்டிவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு கிடையாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் போகும். அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

ஒருநாள் ஒரு பெண் துவண்டுபோன குழந்தையோடு வந்தாள். மூன்று நாளாகப் பேதி. "பல்லு மொளைக்குதும்மா, அதான்" என்றாள். அபரஞ்சியம்மா குழந்தையை உடனே டாக்டரிடம் அனுப்பிவிட்டு, காத்திருந்த மற்ற தாய்மார்களைப் பார்த்துச் சொன்னார்: "பல்லு வந்தா எச்சி ஊத்தும், கையக் கடிக்கும், சிணுங்கும். பேதியும் கடுங்காய்ச்சலும் பல்லால வராது. அது வேற. பல்லுன்னு நெனச்சி வீட்ல வெச்சிக்கினு இருக்காதீங்க, தூக்கினு வாங்க." ஈறு வலிக்கு அவர் சொன்ன வைத்தியம் எளிமையானது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் ஈறை மெல்லத் தேய்க்க வேண்டும். காய்ச்சி ஆறவைத்த பானைத் தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, கையில் பிடித்தபடியே கடிக்கக் கொடுக்க வேண்டும். மற்றபடி தூக்கி வைத்துக்கொண்டால் போதும் என்பார்.

அதற்குத்தான் நேரமில்லை. கல்யாணப் புடவைக்கு நாள் குறித்துவிட்டால் நெசவுக்காரர் வீட்டில் ஆணும் பெண்ணும் தறியை விட்டு எழ முடியாது. சந்நிதித் தெருப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் 'பல் பொட்டலம்' விற்றார்கள். ஒரு சிட்டிகையை ஈறில் தடவினால் குழந்தை தூங்கிவிடும். நெசவுக்கார வீட்டுப் பச்சையம்மாளின் எட்டு மாதப் பையனும் அப்படித்தான் தூங்கினான். சாயங்காலம் எழுப்பினார்கள். எழுந்திருக்கவில்லை.

மீதிப் பொட்டலத்தை அபரஞ்சியம்மா என்னிடம் கொண்டுவந்தார். "மோந்து பாருங்க."

பார்த்தேன். அபினி கலந்த மருந்து எங்கள் அலமாரியிலேயே உண்டு. அந்த வாசனை எனக்குத் தப்பாது. "அபினிம்மா" என்றேன்.

"அத எழுதி ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"நாளைக்குத் தரேன்மா."

நான் குடியிருந்த வீடு அந்தக் கடைக்காரருடையது. நாளைக்கு நாளைக்கு என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன். அபரஞ்சியம்மா காத்திருக்காமல் வீடு வீடாகப் போய்ப் பொட்டலம் வாங்காதீர்கள் என்று சொன்னார். கடைக்காரர் மேலிடத்தில் புகார் கொடுத்தார். விசாரணைக்கு வந்த அதிகாரி, அபரஞ்சியம்மாவை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "பொட்டலத்தில் என்ன இருந்தது?"

"எனக்குத் தெரியாது சார்."

அபரஞ்சியம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று அதிகாரியிடம் கேட்டார். "கம்பவுண்டரே தெரியாதுன்றார். அப்புறம் என்னம்மா?" என்று அவர் காகிதங்களைக் கட்டிவிட்டார். வதந்தி பரப்பினார் என்று எழுதி நர்ஸம்மாவைத் தாமலுக்கு மாற்றினார்கள். வழியனுப்ப எங்களில் ஒருவரும் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து என் மகளுக்கு ஈறு வீங்கியது. என் மனைவி அதே கடையிலிருந்து பொட்டலம் வாங்கி வந்தாள். பிடுங்கிச் சாக்கடையில் போட்டேன். "ஊர்ல இருக்கற கொழந்தைங்களுக்கெல்லாம் குடுக்கறாங்க. நம்ம கொழந்தைக்கு மட்டும் ஏன் ஆவாது?" என்று கேட்டாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவருமாகத் தாமலுக்குப் பஸ் ஏறினோம்.

அபரஞ்சியம்மா என் மனைவியை உட்காரவைத்துக் கையைக் கழுவச் சொன்னார். அவள் விரலைப் பிடித்துக் குழந்தையின் ஈறில் வைத்தார். "இங்க தட்டுப்படுதா? இன்னும் ரெண்டு நாள்ல வந்துடும். துணிய வாயில விட்டுட்டு அந்தாண்ட போயிடாதம்மா." குழந்தை ஈரத்துணியைக் கடித்துக்கொண்டு அழுகையைக் குறைத்தது. புறப்படும்போது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "உங்க கொழந்தைன்னா மட்டும் தெரிஞ்சுதா?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இப்போது அவருக்கு ஒரு இரங்கல் கூட்டம் நடத்தப்போகிறார்களாம். பந்தல் செலவு அந்தக் கடைக்காரருடையது. நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டு நேற்று பச்சையம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் தறியில் இருந்தாள். பொட்டலத்தில் இருந்தது அபினி என்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொன்னேன்.

அவள் தறியை நிறுத்தினாள். "எம்மேல தப்பு இல்லன்னு நர்ஸம்மா ஒருத்தர்தான் சொன்னாங்க. யாரும் நம்பல. புள்ளயத் தின்னவளேன்னு மாமியா சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்க. அப்ப வந்து சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். பிறகு நெய்ய ஆரம்பித்தாள்.

பச்சையம்மாளுக்கு அபரஞ்சியம்மா விட்டுப்போனது ஓர் ஆறுதல் வார்த்தை. எனக்கு விட்டுப்போனது தாமலில் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பத்து வருஷம் இருந்தது, தாமலுக்குத் தினமும் பஸ்ஸும் இருந்தது.