பற்பொடி போட்ட கார்

பல் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. விரலில் எஞ்சியிருந்த பற்பொடியைக் கிணற்றடிப் பித்தளைச் செம்பில் சும்மா தேய்த்தேன். தேய்த்த இடம் மட்டும் என் மூக்கைக் காட்டியது. செம்பு மினுங்குமென்றால் கார் ஏன் மினுங்காது? வாய் கொப்பளிக்காமலே ஓடினேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அக்காவின் கலியாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. உடுவில் ஊரில் எங்கள் வீட்டு ஏ-40 கார், போரால் பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் குடித்து இருமி இருமி ஓடியது. அதன் பச்சை வெளிறிச் சாம்பல் பூத்துக் கிடந்தது. "உந்தத் தகரத்திலையோ கலியாணப் பொம்பிளை போறது? நான் வேறை கார் பிடிக்கிறன், அத்தான்," என்று மாமா சொன்னதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்தேன். பற்பொடியில் தேங்காயெண்ணெய் நாலு சொட்டு விட்டுக் குழைத்து, கதவின் கீழ் மூலையில் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். துணி பச்சையானது. பெயின்ற் கழன்று வருகிறதென்று நினைத்தேன். பயந்து பயந்து துடைத்தால், அடியில் நனைந்த வெற்றிலை போல இன்னொரு பச்சை. வெளிறியிருந்தது மேல்தோல் மட்டும்தான்.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. மூன்றே நாளில் வீட்டுப் பற்பொடி முழுவதும் காரில் ஏறிவிட்டது. "மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலை ஒருத்தரும் பல்லைக் காட்டாதேங்கோ," என்றார் அம்மா. அப்பா காரின் முன்மூடியான பொனற்றில் முகம் பார்த்துத் தலை வாரினார். மாமா காரை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"ம். இதிலையே போகலாம்."

அன்றிரவு அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டார்.

கலியாணத்தன்று விடிய எழும்பி ஓடினால், அப்பாவும் மாமாவும் செம்மண்ணைக் குழைத்துக் காரின் கூரையிலும் பொனற்றிலும் அள்ளிப் பூசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் தென்னோலையும் வெட்டிக் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"வெயிலுக்கு மினுங்கும், பிள்ளை," என்றார் அப்பா. "மேலாலை குண்டு போட வாற பொம்மர்காரன்ரை கண்ணிலை படும்."

"மினுங்கத்தானே மினுக்கினனான்?"

மாமா மண் கையோடு நிமிர்ந்தார். "நீ வடிவா மினுக்கிப்போட்டாய். அதுதான் வில்லங்கம்."

"கலியாணக் கார் எண்டு அவனுக்குத் தெரிஞ்சா நல்லதுதானே?"

அப்பா அடுத்த பிடி மண்ணை எடுத்தார். கதவுகளை மட்டும் எனக்காக விட்டுவைத்தார்.

கோப்பாய்க் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் அக்காவின் பட்டுச்சேலையோடு நசுங்கிக்கொண்டு யோசித்தேன். என் வேலையில் பிழையில்லை. பார்க்கிறவனுக்கு விபரம் போதவில்லை, அவ்வளவுதான். அடுத்த கலியாணத்துக்குக் கூரை முழுக்க வெள்ளைப் பெயின்றால் பெரிய எழுத்தில் எழுதிவிட வேண்டும்: உள்ளே பொம்பிளை இருக்கிறா. தமிழில் எழுதினால் அவனுக்கு விளங்காது. ஆனால் மாமா கொழும்பில் வேலை பார்த்தவர், சிங்களம் எழுதுவார். காரிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக அவரிடம் அந்த எழுத்துகளைக் கேட்டு வாங்குவதென்று முடிவு செய்துகொண்டேன்.